முதல் மூட் கோர்ட்: எதில் இறங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

சட்டக் கல்லூரியில் சேர்ந்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நம்பர் ஏறிய சில வாரங்களிலேயே போஸ்டர்கள் வந்து விழத் தொடங்கும். தேசிய மூட் கோர்ட் (கற்பனை வழக்கில் வாதாடும்) போட்டி, இணையவழி மூட், புதுமுகங்களுக்கான மூட், முதல் பரிசு இத்தனை ஆயிரம், கலந்துகொள்ளும் எல்லோருக்கும் சான்றிதழ். எதில் சேரலாம் என்று சீனியரைக் கேட்டால், "ஏதாவது ஒண்ணுல பேரைக் குடுத்துடு தம்பி, போகப் போகப் பழகிடும்" என்பார். பேச்சுப் போட்டிக்கு வேண்டுமானால் அந்த யோசனை பொருந்தும். மூட் ஒரு மாத உழைப்பைக் கேட்கிறது. கூட வரும் இரண்டு பேரின் நேரத்தையும் காசையும் சேர்த்தே இழுக்கிறது. முதல் அனுபவம் கசந்துபோனால் பலர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. "எனக்கு மூட் செட் ஆகாது" என்று ஒதுங்கியவர்களில் பாதிப் பேர் தப்பான போட்டியில் தொடங்கியவர்கள் என்பது என் கணிப்பு.

முதல் மூட்டில் ஒரு மாணவருக்குக் கிடைக்க வேண்டியவை இரண்டுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் நடுவில் நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்று. எல்லாம் முடிந்தபின் எந்த இடத்தில் சறுக்கினீர்கள் என்று உட்காரவைத்துச் சொல்ல ஓர் ஆள் இன்னொன்று. கோப்பையும் பயோடேட்டாவில் ஏறும் வரியும் அப்புறம் வரலாம். கையில் இருக்கும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டை வைத்தே இங்கே எடைபோடுகிறேன். உங்களுக்கு நோக்கம் வேறாக இருந்தால், உதாரணத்துக்கு வெளிநாட்டு மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு எடை கூட்டுவதாக இருந்தால், வரிசை மாறும்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மூட் என்பது மேல்முறையீட்டு நீதிமன்ற விசாரணையின், அல்லது ரிட் விசாரணையின் ஒத்திகை. சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. நடந்தது என்ன என்பதை 'மூட் பிராப்ளம்' என்ற சில பக்கத் தாளில் கொடுத்துவிடுவார்கள்; அதை யாரும் மறுக்க முடியாது. அந்த நிகழ்வுகளுக்குச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பதில்தான் சண்டை. முதலில் இரு தரப்புக்கும் எழுத்து வாதம், அதாவது மெமோரியல். பிறகு நீதிபதிகள் முன் வாய்வாதம். இந்தியப் போட்டிகளில் பெரும்பாலும் மூன்று பேர் அணி: வாதாட இரண்டு ஸ்பீக்கர், தீர்ப்புகளைத் தேடித் தர ஒரு ரிசர்ச்சர்.

வகுப்பிலேயே இருக்கும் மூட்

பலர் மறந்துவிடும் வழி இது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி மூட் கோர்ட் கட்டாயப் பாடம். ஆண்டுக்குக் குறைந்தது 3 மூட், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். அதில் எழுத்துக்கு 5, வாதத்துக்கு 5. அதே தாளில் ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு என்று இரண்டு விசாரணைகளை நேரில் பார்த்து எழுதுவதற்கு 30 மதிப்பெண் தனியாக உண்டு.

காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது: செலவில்லை, பயணமில்லை, ஆசிரியரே நீதிபதி. நடைமுறையில் பல கல்லூரிகளில் இது ரெக்கார்டு நோட்டு எழுதும் சடங்காகச் சுருங்கிவிட்டது. முந்தைய பேட்ச் நோட்டைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதி, அட்டை போட்டு, கையெழுத்து வாங்கினால் முடிந்தது கதை. தவிர, இது படிப்பின் கடைசிக் கட்டத்தில் வருகிறது. அதுவரை காத்திருந்தால் உங்கள் முதல் கேள்வியை நிஜ நீதிபதி கேட்டுவிடுவார். உங்கள் கல்லூரியில் இதை உருப்படியாக நடத்தும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், கீழே சொல்லப்போகும் பலவற்றைவிட அது மேல். ஜூனியராக இருந்தாலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

இன்ட்ரா மூட்

கல்லூரிக்குள் நடக்கும் போட்டியை இன்ட்ரா என்பார்கள். வெளிப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க மூட் சொசைட்டி நடத்துவது. முதல் மூட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஏன் என்பதை ஒரு பிராப்ளத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு கற்பனை மாநிலம் இணைய ரம்மியைத் தடை செய்கிறது. ஆப் நடத்தும் கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு மாணவருக்கு இது பத்திரிகையில் படித்துப் பழகிய சங்கதி. 2021இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆகஸ்டில் ரத்து செய்தது. அடுத்து வந்த சட்டத்தை 2023 நவம்பரில் பெருமளவு ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் ஏற்கவில்லை. 2025இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டது. இவ்வளவு விஷயம் கொட்டிக் கிடப்பதால் இப்படி ஒரு பிராப்ளத்தைச் செய்வது எளிது.

கம்பெனி தரப்பில் நிற்கும் மாணவி நேராக, தொழில் செய்யும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவுக்குப் போகிறார். சூதாட்டம் தொழிலாகாது என்று 1957இல் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் திறமையே மேலோங்கிய ஆட்டம் சூதாட்டம் ஆகாது. ரம்மி முதன்மையாகத் திறமை சார்ந்தது என்று 1967இல் ஆந்திர அரசு எதிர் சத்யநாராயணா வழக்கில் தீர்ப்பே இருக்கிறது. கோவையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். நீதிபதி கையைத் தூக்குகிறார்.

"சத்யநாராயணா வழக்கில் ரம்மி எங்கே ஆடப்பட்டது?"

"செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில், மை லார்ட்."

"அந்த ஆட்டத்தால் கிளப் லாபம் பார்த்தது என்று நிரூபித்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று அதே தீர்ப்பில் இருக்கிறதா இல்லையா? உங்கள் கட்சிக்காரர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கமிஷன் எடுக்கிறார் என்று பிராப்ளத்தில் மூன்றாவது பத்தி சொல்கிறதே?"

தலைக்குறிப்பை, அதாவது தீர்ப்பின் மேலே இருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்தவர் இந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுவார். முழுத் தீர்ப்பையும் படித்தவர், அந்த வரி கிளப் நடத்துபவர் பணம் பண்ணுவதைப் பற்றியது, ஆட்டத்தின் தன்மையை அது மாற்றாது, இடம் கொடுத்ததற்கான சேவைக் கட்டணமும் பந்தயத்தில் பங்கும் ஒன்றில்லை என்று வேறுபடுத்திக் காட்டப் பார்ப்பார். வெல்வாரோ தோற்பாரோ, மூட்டில் மதிப்பெண் விழுவது அந்த முயற்சிக்கு. அந்த ஒரு நிமிடத்தில் கற்பதை நூறு பக்கக் கையேடு கற்றுத் தராது.

இந்த நிமிடத்தை முதல்முறை அனுபவிக்க ஏற்ற இடம் சொந்தக் கல்லூரிதான். தோற்றால் ரயில் டிக்கெட் காசு போகாது. நீதிபதியாக உட்கார்ந்த சீனியரையோ பழைய மாணவரான வக்கீலையோ மறுநாள் கேன்டீனில் பிடித்து, "அண்ணா, அந்தக் கமிஷன் கேள்விக்கு என்னதான் சொல்லியிருக்கணும்?" என்று கேட்கலாம். வெளிப் போட்டியில் நீதிபதிகள் மதிப்பெண் தாளை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஹாலுக்குப் போய்விடுவார்கள்.

குறைகளும் உண்டு. சில கல்லூரிகளில் இன்ட்ரா என்பது ஆங்கிலப் பேச்சுப் போட்டிதான்; கேள்வியே கேட்காமல் ஏழு நிமிடம் பேசவிட்டு, "குட் வாய்ஸ்" என்று அனுப்பிவிடுவார்கள். இன்னும் சில இடங்களில் மூட் சொசைட்டி நாலைந்து பேர் கைக்குள் இருக்கும். தேர்வு அவர்களுக்குள்ளேயே முடிந்துபோகும். முந்தைய ஆண்டு கலந்துகொண்டவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நடுவில் எத்தனை முறை நிறுத்தினார்கள்? ஒருமுறைகூட இல்லை என்றால் அந்த இன்ட்ராவுக்கு இந்தக் கட்டுரையின் சிபாரிசு செல்லாது.

நேரே தேசியப் போட்டிக்கு

ஆசை பொங்கும் வழி இது. வேறு ஊர், வேறு கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற நீதிபதி கலந்துகொள்ளும் நிறைவு விழா. ஆனால் பையில் இருந்து போவது என்ன என்று பார்ப்போம். அணிக்குச் சில ஆயிரம் பதிவுக் கட்டணம், திரும்பக் கிடைக்காது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போக மட்டும் ஒன்றரை நாள். போட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். திரும்ப ஒன்றரை நாள். வருகைப் பதிவு இன்னொரு செலவு. பார் கவுன்சில் விதி 70 சதவீத வருகை கேட்கிறது. மூட்டுக்குப் போனால் ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு) கொடுக்கும் கல்லூரிகள் உண்டு, கொடுக்காதவையும் உண்டு. கிளம்புமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். "போயிட்டு வாப்பா, பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்னது செமஸ்டர் கடைசியில் ஆபீசில் எடுபடாது.

எழுத்து வேலையும் கூடும். முதல் சுற்றுகளில் இரு தரப்பிலும் நிற்க வேண்டும் என்பதால் மனுதாரர் மெமோரியல் ஒன்று, எதிர்மனுதாரர் மெமோரியல் ஒன்று. வழக்கமாக அதற்கு நீல அட்டை, இதற்குச் சிவப்பு அட்டை. அதிகார வரம்பு, நிகழ்வுகள், எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்), வாதச் சுருக்கம், விரிவான வாதம், பரிகாரக் கோரிக்கை என்று வரிசை மாறாமல் இருக்க வேண்டும். எழுத்துரு அளவு, வரி இடைவெளி, அடிக்குறிப்பு முறை எல்லாம் விதியில் இருக்கும். பிசகினால் மார்க் வெட்டு. எந்த இடத்திலும் கல்லூரிப் பெயர் வரக்கூடாது, டீம் கோடு மட்டும். வேர்டு ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் கல்லூரி கம்ப்யூட்டரின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. எதிர் அணியின் சுற்றை நைசாகப் போய்ப் பார்ப்பதற்கு 'ஸ்கவுட்டிங்' என்று பெயர். பிடிபட்டால் அணியே வெளியே.

இத்தனைக்கும் பிறகு ஏழு எட்டு நிமிட வாதம், இரண்டு சுற்று. காலிறுதிக்குத் தகுதி பெறாவிட்டால் இரண்டாம் நாள் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். புதுமுகத்துக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. இரண்டாவது மூட்டாக இதே போட்டி நன்றாகவே பலன் தரும், ஏனென்றால் அப்போது உங்களுக்கு என்ன தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தேசியப் போட்டிகளுக்குள் தேர்ந்தெடுக்கும்போது பரிசுத் தொகையைப் பார்க்காதீர்கள். பிராப்ளத்தைப் படியுங்கள். இரு தரப்புக்கும் வாதம் இருக்கிறதா? பத்து எழுவினாக்களைத் திணித்துவைத்திருந்தால் ஆழமாகப் போகவே முடியாது. தேதிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் எழுதியிருக்கிறார்களா? இப்போது இது முக்கியம். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் கூட வந்த இரண்டு சட்டங்களும் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. குற்றம் நடந்த நாள் அதற்கு முந்தையது என்றால் பொருந்துவது இந்திய தண்டனைச் சட்டம். இதைக்கூடக் கவனிக்காமல் பிராப்ளம் எழுதியவர்கள் விளக்கம் கேட்டால் பதிலும் போட மாட்டார்கள். விளக்கம் கேட்கக் கடைசித் தேதி கொடுத்திருக்கிறார்களா, மதிப்பெண் தாளைப் பிறகு தருவார்களா என்பதையும் பாருங்கள். மதிப்பெண் தாள் தராத போட்டியில் நீங்கள் எதில் குறைந்தீர்கள் என்பது கடைசிவரை தெரியாது.

இணையவழி மூட்

2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் வந்தது, அப்படியே தங்கிவிட்டது. பயணச் செலவு இல்லை என்பது பெரிய விஷயம், குறிப்பாக ராமநாதபுரத்திலோ தர்மபுரியிலோ படிப்பவருக்கு. வேறு ஊர் வக்கீல்கள் முன் பேச இதைவிட மலிவான வழி கிடையாது. நீதிமன்றங்களே காணொலியில் வழக்கு கேட்கும் காலத்தில் கேமராவைப் பார்த்து வாதாடப் பழகுவது வீண் போகாது.

ஆனால் கட்டணம் வாங்கிச் சான்றிதழ் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அதிகம் புழங்குவதும் இங்கேதான். பின்னால் ஒரு கல்லூரியோ தெரிந்த சட்ட அமைப்போ இல்லாமல், கூகுள் ஃபார்மும் ஜிபே எண்ணும் மட்டும் இருந்தால் தள்ளிப் போங்கள். நல்ல இணையவழி மூட் கிடைத்தால் அது இன்ட்ராவுக்கு அடுத்த இடத்தில் நிற்கும். இன்ட்ராவே இல்லாத கல்லூரியில் முதல் இடத்தில்.

ஸ்பீக்கரா, ரிசர்ச்சரா?

எந்தப் போட்டி என்பதைவிடக் கனமான கேள்வி இது. வழக்கமான அறிவுரை: முதலில் ரிசர்ச்சராக இரு, பார்த்துக் கற்றுக்கொள், பிறகு பேசலாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒருமுறைகூட மேடையில் நின்று கேள்வி வாங்காதவருக்கு நீதிபதி எதைக் கேட்பார் என்ற மூக்கு வளராது. அவர் தேடித் தருவது பத்தி பத்தியாக இருக்கும்; ஸ்பீக்கருக்கு வேண்டிய அந்த ஒரு வரி அதில் இருக்காது. முதலில் இன்ட்ராவில் ஸ்பீக்கராக நின்று வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அடுத்து, தேர்ந்த சீனியர் இருவரோடு தேசியப் போட்டிக்கு ரிசர்ச்சராகப் போங்கள். மூன்றாவதில் மீண்டும் ஸ்பீக்கர். இந்த வரிசையில் வந்தவர்களின் மெமோரியலே வேறு மாதிரி இருக்கிறது: எழுதும்போதே கேள்வியை எதிர்பார்த்து எழுதியிருப்பார்கள்.

ரிசர்ச்சர் வேலையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். பல போட்டிகளில் ரிசர்ச்சருக்குத் தனித் தேர்வும் தனிப் பரிசும் உண்டு. பிராப்ளத்தின் ஒவ்வொரு பத்தியும் அவர் விரல் நுனியில் இருக்க வேண்டும். வாதத்தின்போது ஸ்பீக்கர் திணறினால் ஒரு சிட் நகர்த்த வேண்டும். நல்ல சிட்டில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் இராது: 'கமிஷன் வேறு, பந்தயப் பங்கு வேறு, பக்கம் 14.' அரைப்பக்கம் எழுதித் தள்ளினால் ஸ்பீக்கர் அதைப் படிப்பாரா, நீதிபதியைப் பார்ப்பாரா? மேற்கோள் காட்டிய தீர்ப்புகளை அச்செடுத்து, வேண்டிய வரியில் நிறக் காகிதம் ஒட்டி, கம்பெண்டியமாகக் கட்டுவதும் அவரே. அரசு சட்டக் கல்லூரியில் படிப்பவர் சந்தா தளங்கள் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. இந்தியன் கானூன் தளம் இலவசம். உச்ச நீதிமன்றத்தின் டிஜிட்டல் எஸ்.சி.ஆர். தளமும் இலவசம், அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பு அது. எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா இரண்டும் கல்லூரி நூலகத்தில் இருந்தால் லாபம்.

ஏ.ஐ.யிடம் தீர்ப்பு கேட்டு மெமோரியலில் ஒட்டும் பழக்கம் பரவிவிட்டது. 2023இல் நியூயார்க்கில் அப்படி இல்லாத தீர்ப்புகளை மனுவில் காட்டிய வக்கீல்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். மூட்டில் அபராதம் இல்லை. ஆனால் எதிர் அணியின் ரிசர்ச்சர் உங்கள் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார் என்பது நிச்சயம்.

ஜெசப், விஸ் போன்றவை

1960இல் தொடங்கிய ஜெசப் மூட்டைத் தெரியாத சட்ட மாணவர் இருக்க முடியாது. சர்வதேச நீதிமன்றத்தின் முன் இரண்டு கற்பனை நாடுகள் மோதும். இந்தியாவுக்குள் தகுதிச் சுற்றுகளைத் தாண்டினால் வாஷிங்டன். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1999இலும் 2013இலும் உலகக் கோப்பையையே வாங்கியிருக்கிறது. வியன்னாவில் நடக்கும் விஸ் மூட் வணிக நடுவர் தீர்ப்பு (ஆர்பிட்ரேஷன்) சார்ந்தது. அதில் வழக்கின் அடிப்படையாக வரும் சர்வதேசச் சரக்கு விற்பனை ஒப்பந்த உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை உறுப்பு நாடாகச் சேரவில்லை. அதாவது நம் பாடத்திட்டத்தில் ஓரமாக வந்துபோகும் சட்டத்தை அடிமுதல் நுனிவரை தானாகப் படிக்க வேண்டும். விண்வெளிச் சட்டத்துக்கு மான்ஃப்ரெட் லாக்ஸ், ஊடகச் சட்டத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பிரைஸ் என்று இன்னும் பல உண்டு.

தரத்தில் இவற்றுக்கு இணை இல்லை. பிராப்ளத்தின் நேர்த்தி ஒன்றே போதும், ஒரு செமஸ்டர் பாடம் அதில் இருக்கிறது. முதல் மூட்டாகத்தான் இவை ஒத்துவராது. ஜெசப் பிராப்ளம் செப்டம்பர் வாக்கில் வரும், மெமோரியல் ஜனவரியில் போகும். அதற்குள் சர்வதேசச் சட்டத்தின் மூலங்கள் எவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வழிகாட்ட ஆள் இல்லாமல் போகும் அணிகள் மெமோரியலோடு நின்றுவிடுகின்றன. பழைய ஜெசப் அணி ஒன்று உங்கள் கல்லூரியில் இருந்து, அவர்கள் உங்களை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால் கதை வேறு. அடிக்குறிப்பு சரிபார்க்கும் வேலை கொடுத்தால்கூடப் போய் ஒட்டிக்கொள்ளுங்கள். பேச வாய்ப்பு கிடைக்காது. அதற்கு இன்ட்ரா இருக்கிறது.

மூட் வேண்டாம் என்பதும் ஒரு வழிதான்

மூட்டில் வென்றவர்தான் நல்ல வக்கீல் என்ற பேச்சு கல்லூரி வளாகத்தோடு சரி. மதுரை அமர்விலோ சென்னை உயர் நீதிமன்றத்திலோ ரிட் பக்கம் போக நினைப்பவருக்கு மூட் நேரடிப் பயிற்சி. திண்டுக்கல்லிலோ கும்பகோணத்திலோ அமர்வு நீதிமன்றத்திலும் முன்சீப் கோர்ட்டிலும் தொழில் செய்யப்போகிறவருக்கு அன்றாட வேலை சாட்சியை விசாரிப்பதும் ஆவணத்தைக் குறியீடு செய்வதும். மூட் அதில் எதையும் தொடுவதில்லை. அவருக்கு மாதிரி விசாரணைப் போட்டி, அதாவது மாக் டிரயல், பொருந்தும். போலீஸிடம் சொன்னது ஒன்று, கூண்டில் சொல்வது இன்னொன்று என்று சாட்சி முரண்படும்போது பி.எஸ்.ஏ. (பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம்) 148ஆம் பிரிவின்படி அந்த முந்தைய வரியை எப்படி அவருக்குக் காட்ட வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைக் கையைப் பிடித்துக் கற்றுத் தருவது அதுதான். நம் ஊரில் இந்தப் போட்டிகள் குறைவு, தென்பட்டால் விடாதீர்கள். கட்சிக்காரரை விசாரித்து ஆலோசனை சொல்லும் கிளையன்ட் கவுன்சலிங் போட்டியும் இந்த வகையில் சேரும். அதில் மெமோரியல் சுமை இல்லை என்பதால் கூச்சம் போக நல்ல இடம்.

ஆங்கிலம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்வழியில் பள்ளி முடித்து, சட்டத் தேர்வையும் தமிழில் எழுதுகிறவர்கள் மூட் பக்கம் தலைகாட்டாததற்கு இதுதான் பெரிய காரணம். கீழமை நீதிமன்றங்களில் சாட்சி விசாரணை தமிழில் நடக்கும் மாநிலத்தில் தமிழ் மூட்கள் இவ்வளவு அரிதாக இருப்பது வெட்கக்கேடு. ஆனால் உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்று அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு வைத்திருக்கும்வரை அதைச் சந்தித்துத்தான் ஆக வேண்டும். மதிப்பெண் தாளைப் பார்த்தால் கொஞ்சம் தைரியம் வரும்: சட்ட அறிவு, நிகழ்வுக்குப் பொருத்துவது, கேள்விக்குப் பதில், நீதிமன்ற ஒழுங்கு, நேரம். உச்சரிப்புக்கென்று தனிக் கட்டம் பெரும்பாலும் இருக்காது. "மே இட் ப்ளீஸ் யுவர் லார்ட்ஷிப்" என்று தொடங்கி, இரண்டு எழுவினாக்களைச் சொல்லி, முதல் வாதத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் வைப்பவர், அலங்கார ஆங்கிலத்தில் சுற்றி வளைப்பவரைவிட முன்னே போவதை ஒவ்வொரு போட்டியிலும் காணலாம். (2006இலேயே 'யுவர் ஹானர்' என்றோ 'ஆனரபிள் கோர்ட்' என்றோ அழைத்தால் போதும் என்று பார் கவுன்சில் விதி போட்டாயிற்று. மூட் ஹால்களில் லார்டுகள் இன்னும் பதவி இழக்கவில்லை.) தமிழ்வழி மாணவருக்கு என் யோசனை: ஸ்பீக்கர் இடத்தை விட்டுக்கொடுத்து நிரந்தர ரிசர்ச்சராக ஒதுங்காதீர்கள். வாதத்தைத் தமிழில் யோசித்துக் கட்டுங்கள், தொடக்க இரண்டு நிமிடத்தை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யுங்கள், மீதியைக் கேள்விகள் இழுத்துக்கொண்டு போகும்.

உடைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கறுப்பு கோட், டை. பெண்களுக்கு வெள்ளை சல்வாரோ புடவையோ, மேலே கோட். கழுத்தில் கட்டும் வெள்ளை பேண்டும் கவுனும் வக்கீலாகப் பதிவு செய்தவர்களுக்கு உரியவை.

கல்லூரியில் மூட் சொசைட்டியே இல்லை, அல்லது இருந்தும் தூங்குகிறது என்றால் நாலு பேர் போதும். உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையில் காட்டுகிறது. அதில் ஒரு வழக்கைப் பிடித்து ஒரு மணி நேரம் பாருங்கள். நீதிபதி எங்கே நிறுத்துகிறார், மூத்த வக்கீல் எப்படி "அதற்கு வருகிறேன்" என்று நழுவாமல் அங்கேயே பதில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். உங்கள் கல்லூரியில் படித்து ஐந்தாறு வருடம் தொழிலில் இருக்கும் வக்கீல் ஒருவரைச் சனிக்கிழமை மாலை வரச் சொல்லி நீதிபதியாக உட்காரவையுங்கள். "சார், நடுவுல நிறுத்தி நிறுத்திக் கேளுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாவம் பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே இருந்துவிடுவார்.

இறுதியாண்டுக்கு வந்துவிட்டு இப்போதுதான் மூட் ஆசை வந்திருக்கிறது என்றால் வெளிப் போட்டிக்குக் காசு கட்டாதீர்கள். கட்டாயப் பாடத்தில் வரும் அந்த மூன்று மூட்களையும் ரெக்கார்டு நோட்டோடு விடாமல் நின்று வாதாடச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். மீதி நேரத்தை ஒரு சீனியர் வக்கீலின் ஆபீசில் கழிக்கலாம்; அங்கே வாய்தா வாங்கவாவது எழுந்து நிற்கச் சொல்வார்கள்.